திரும்பிப் போகிறவளைத் திட்ட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணவன் அடித்துத் துரத்திய பெண்ணைப் பற்றிய செய்திக்கு வாசகர் ஒருவர் சென்ற வாரம் கடிதம் எழுதியிருந்தார். 'பத்து நாளில் அவளே அவனிடம் போய்விடுவாள், இதில் ஊரார் என்ன செய்ய?' என்று கேட்டிருந்தார். நான் முக்கூடல் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். அவர் சொல்வது நடக்கிறதுதான். ஏன் நடக்கிறது என்பதை அவர் யோசிக்கவில்லை.

எங்கள் தெருவில் பீடி சுற்றும் பெண் ஒருத்தி. கணவன் கையை முறுக்கியதில் இடது கை விரல் ஒடிந்துவிட்டது. நான் போனபோது கட்டுப் போட்ட விரலோடு, மடியில் சொளவை வைத்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவன் உட்கார்ந்து அவளுக்கு இலை வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தான். ராத்திரி டவுனிலிருந்து அல்வா வேறு வந்தது. "பாத்தீங்களா சிஸ்டர், அவுக குணம் தங்கம். குடிதான் கெடுக்கு" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க அவன் தங்கமாகத்தான் இருந்தான்.

அந்தத் தங்கமான வாரம்தான் அவளைக் கட்டிப்போடுகிறது. தினமும் அடிப்பவனை வெறுத்துவிடலாம். அடித்த கையே தைலமும் தேய்த்துவிட்டால் மனசு அந்தத் தைலத்துக்குக் காத்திருக்கப் பழகிவிடும். பீடிக்கூலி அவன் கையில், தாய் வீட்டோடு பேச்சு இல்லை என்றால், ஆறுதலுக்கும் அவனை விட்டால் ஆள் இல்லை. கனடாவின் உளவியலாளர்கள் டட்டன், பெயின்டர் இருவரும் 1981-லேயே இதை எழுதியிருக்கிறார்கள்: அதிகாரமெல்லாம் ஒருவரிடமே இருக்க, அடியும் அன்பும் மாறி மாறி வந்தால் பிணைப்பு இறுகும். ட்ராமா பாண்டிங் என்கிறார்கள். (இப்போது பிள்ளைகள் செல்போனில் எதற்கெல்லாமோ இந்தப் பெயரைச் சொல்கிறார்கள், அது வேறு கதை.) இவளிடம் போய் 'உனக்கு ரோஷம் இல்லையா?' என்று கேட்டால், நம்மிடம் பேசுவதை நிறுத்திவிடுவாள். அவனுக்கு வேண்டியதும் அதுதான்.

பெரியவர்களைக் கூட்டி வைத்துச் சமாதானம் பேசுவது இன்னொரு கொடுமை. சபையில் அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் வீட்டில் தனியாக அடி விழும்.

பிரிந்து போகிற நேரத்தில்தான் ஆபத்து அதிகம். அதனால் 'நான் போறேன்' என்று சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பீடித் தொழிலாளர் அடையாள அட்டை எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து, வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்த ஒரு மதினி வீட்டில் வைக்கலாம். அவன் எடுத்துப் பார்க்கிற போனில் இதைப் பற்றிப் பேச வேண்டாம். லொகேஷன் காட்டிக்கொடுத்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் 'வழுக்கி விழுந்தேன்' என்று சொல்லாமல், நடந்ததைச் சொல்லிச் சீட்டில் எழுத வைக்க வேண்டும். பின்னால் கோர்ட்டில் அந்தச் சீட்டு உதவும்.

குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-ல் வந்தது. போலீஸில் எஃப்.ஐ.ஆர். போடாமலே, இந்தச் சட்டப்படி மாவட்டத்தில் இருக்கிற பாதுகாப்பு அலுவலர் மூலம் மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்கலாம். வீடு அவள் பேரில் இல்லாவிட்டாலும் அங்கே குடியிருக்க அவளுக்கு உரிமை உண்டு. அப்புறம், பக்கத்து வீட்டுக்காரரே பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்கு வராது என்று அதே சட்டத்தில் இருக்கிறது. வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு அங்கே வருமானம் பார்ப்பதில்லை. உயிருக்கு ஆபத்தென்றால் 112. யோசனை கேட்கவும் தங்க இடம் கேட்கவும் மகளிர் உதவி எண் 181.

இந்த 181-ஐ உங்கள் நெல்லைப் பதிப்பில் தினமும் ராசிபலனுக்குப் பக்கத்தில் போடுங்கள். எங்கள் தெருப் பெண்கள் முதலில் திருப்புவது அந்தப் பக்கத்தைத்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
முக்கூடல்.