மலையகத் தமிழர் என்றே எழுதலாமே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலேயர் ஆட்சியில் தமிழகத்திலிருந்து தோட்ட வேலைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, இலங்கையின் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழர்களைப் பற்றிய செய்திகளில் ‘இந்தியத் தமிழர்’, ‘தோட்டத் தமிழர்’ என்ற பெயர்களே இன்னும் இடம்பெறுகின்றன. அவர்களில் பலரும் தம்மை அழைத்துக்கொள்ள விரும்பும் பெயர் ‘மலையகத் தமிழர்’ என்பதாகும்.

1911 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று வகை பிரிக்கப்பட்டபோது அது வெறும் கணக்குக்கான அடைமொழியாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்துகொண்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களிடம் ஒரு வார்த்தையும் கேளாமல், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சியோருக்குக் குடியுரிமை கிடைக்க 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், ‘இந்தியர்’ என்று அங்கிருந்து அனுப்பப்பட்டு நீலகிரியில் குடியேறியவர்களை நம்மவர்கள் ‘சிலோன்காரர்’ என்றுதான் அழைத்தார்கள்.

இந்தியாவுடனான உறவு மறைந்துவிடக் கூடாது என்பதற்காக ‘இந்திய வம்சாவளி’ என்ற சொல்லை விரும்புவோரும் அச்சமூகத்தில் உண்டு. அவர்களைக் குறிப்பிடுகையில் அச்சொல்லையே ஆளலாம். மற்ற இடங்களில், காடழித்துத் தேயிலை நட்ட மலைகளின் பெயரால் அவர்களைக் குறிப்பிடுமாறு தங்கள் செய்திப் பிரிவினரை அறிவுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்