எங்கள் வீட்டுப் படலையையும் திறவுங்கள்

வன்னியில் கடமையாற்றும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும், அவர்களுக்குப் பொறுப்பான சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கும்.

மிஸ்மாருக்கு வணக்கம்.

பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் விசுவமடுப் பக்கம், ஒரு கிரவல் ஒழுங்கைக்குள் எங்கள் வீடு. உங்கள் ஸ்கூட்டிச் சத்தம் வந்தால் எனக்கு உடனே தெரிந்துவிடும். ஒழுங்கை முகப்பில் குழி இருக்கிற இடத்தில் மெதுவாகும். பிறகு எங்கள் படலையைத் தாண்டிப் போய் மூன்று வீடு தள்ளி நிற்கும். இப்போது அங்கே ஒரு கைக்குழந்தை. போன வருடம் வேறொரு வீட்டில். கிணற்றடியில் வாளியோடு நின்று, அந்தச் சத்தம் எங்கே நிற்கிறது என்று கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

நான் கேட்கப்போவது ஒன்றுதான். பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போவதுபோல, பிள்ளை தங்காமல் போன வீட்டுக்கும் வாருங்கள்.

எனக்கு 2012இல் கலியாணம். உங்களில் ஒருவர்தான் வந்து புதுச்சோடி என்று எங்களைப் பதிந்து, போலிக் அசிட் குளிசை தந்து, சாப்பாட்டைப் பற்றியெல்லாம் சொல்லிவிட்டுப் போனார். 2014இல் முழுகாமல் இருந்தேன். கிளினிக் காட் போட்டார்கள். ஒன்பதாம் கிழமை இரத்தம் போனது. ஸ்கான் செய்தவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார், அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது. 2017இல் மறுபடியும். இந்தமுறை ஐந்து மாதம் வரை வந்தது. துடிப்பு நின்ற பிறகு பிள்ளை பெறும் நோவோடுதான் அதுவும் பிறந்தது. ஆண்பிள்ளை. பச்சைப் பிள்ளைகளோடு தாய்மார் படுத்திருந்த விடுதியில், கடைசிக் கட்டிலில் என்னை விட்டிருந்தார்கள். இவர் ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு வந்து, எங்கள் வளவின் வேலியோரம், வேம்புக்குக் கீழே புதைத்தார். யாருக்கும் சொல்லவில்லை. அன்று பின்னேரமே வயலுக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் விடிய நான் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். சட்டையின் முன்பக்கம் ஈரமாக இருந்தது. தேங்காயிலிருந்து பட்டதாக்கும் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் மார்பு கல்லுப்போல இறுகியிருப்பது தெரிந்தது. பால் சுரந்திருக்கிறது. பிள்ளை இல்லை என்பது அதற்குத் தெரியவில்லை. ஐந்தாம் மாதத்தில் போனாலும் பால் வரும் என்று வைத்தியசாலையில் ஒருவரும் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் பிழிந்து பிழிந்து ஊற்றினேன். பிழியப் பிழியக் கூடச் சுரந்தது. ஐந்தாம் நாள் காய்ச்சல். யாரிடம் கேட்பது? அம்மா 2009இல், இறுதிப் போரில், மாத்தளனில் போய்விட்டார். மாமியிடம் கேட்க வாய் வரவில்லை.

வருடங்கள் கழித்து, வேறொரு ஊரில் ஒரு தாதி இரண்டே நிமிடத்தில் எனக்கு விளக்கினார். மார்பை நன்றாகத் தாங்குகிற சட்டை போடவேண்டும். குளிர்ந்த துணி வைக்கலாம். நோவுக்குப் பரசிற்றமோல் போடலாம். தாங்க முடியாத இறுக்கம் என்றால் கொஞ்சமாக வெளியே எடுத்துவிடலாம், முழுதாகப் பிழியக்கூடாது. பால் நிற்பதற்கு வைத்தியர் தரக்கூடிய குளிசையும் இருக்கிறது. சிவந்து காய்ச்சலும் வந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். இவ்வளவுதான். பிள்ளை பிறந்த வீட்டுக்கு முதல் பத்து நாளுக்குள் இரண்டு தடவை நீங்கள் போகிறீர்கள். அதில் ஒரு தடவை என்னிடம் வந்திருந்தால், அந்தக் கதவுக்குப் பின்னால் நான் தனியாக நின்றிருக்க மாட்டேன்.

கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் தருகிற சத்துமா, அந்தத் திரிபோஷா, பாதி முடித்த பைக்கற்றாக எங்கள் தட்டில் மூன்று மாதம் இருந்தது. எறியவும் மனமில்லை, தின்னவும் மனமில்லை.

உங்கள் வேலைப்பளு எனக்குத் தெரியும். ஒருவரே இரண்டு பிரிவு, மூன்று பிரிவு என்று ஓடுகிறீர்கள். மாரியில் ஒழுங்கை முழுதும் சேறு, கோடையில் புழுதி, இருட்டினால் யானைப் பயம். உங்களில் சிலர் போரில் சொந்தப் பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு இந்த வேலையைச் செய்கிறீர்கள் என்பதும் தெரியும். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். எங்கள் ஊரில் வேறு எந்த உத்தியோகத்தரும் படலை திறந்து, குசினி வரை வந்து, பலகைக் கட்டையில் இருந்து ஒரு பெண்ணோடு கதைப்பதில்லை. நீங்கள் மட்டும்தான். நுண்கடன் காசு சேர்க்கிற தம்பியும் கிழமைதோறும் வந்தார்தான், அவர் படலையோடு நின்றுவிடுவார்.

அந்தக் கடன் எதற்கு என்றும் சொல்கிறேன். இரண்டும் போன பிறகு யாழ்ப்பாணத்தில் காட்டினோம், பிறகு கொழும்பில் ஒரு தனியார் இடத்தில். குழாய் அடைப்புப் பார்க்கிற எக்ஸ்ரே, முட்டை வளர்க்கிற குளிசை, அதற்குப் பிறகு ஊசி. ஊசியைக் குளிரில் வைக்கவேண்டும். எங்கள் வீட்டில் பிரிஜ் இல்லை. சந்திக்கடை அண்ணை தன் கடைப் பிரிஜ்ஜில், சோடாப் போத்தல்களுக்குப் பின்னால் வைக்க இடம் தந்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கடைக்கு வந்தவர்கள் கேட்டார்கள். ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறு மணிக்கு நான் எதற்கு அந்தக் கடைக்குப் போகிறேன் என்பது ஒரு கிழமைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அது 2022. பெற்றோலுக்கு வரிசை, மருந்து விலை இரண்டு மடங்கு. ஊசி தொடங்கினால் நாள் தவறக்கூடாது, வரிசை நகரும் வரைக்கும் உடம்பு காத்திருக்காது. மாடு இரண்டை விற்றோம், காணியை ஈடு வைத்தோம்.

சோதனைக்குழாய் முறையில் (ஐவிஎப்) கரு வைத்த பிறகு கொழும்பில் ஒரு அறை எடுத்துத் தங்கினோம். பதினான்காம் நாள் காலையில் இரத்தம் கொடுத்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறினோம். முறிகண்டியில் பஸ் நின்றது. இவர் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்த இறங்கினார். அப்போதுதான் போன் வந்தது. 'நெகட்டிவ்' என்று சொல்லி, வருத்தம் தெரிவித்து, அடுத்த தடவைக்குத் திகதி வேண்டுமா என்றும் கேட்டார்கள். கச்சான் விற்கிற பிள்ளை யன்னலுக்குக் கீழே நின்று பைக்கற்றை நீட்டிக்கொண்டிருந்தது. இவர் திருநீற்றோடு திரும்பி வந்தார். பஸ் கிளிநொச்சி தாண்டும் வரைக்கும் நான் அவருக்குச் சொல்லவில்லை.

முப்பத்தைந்து வயதுக்குக் குறைந்த பெண்களுக்குக்கூட, இந்தச் சிகிச்சையை ஒரு தடவை செய்தால் மூன்றில் ஒருவருக்குத்தான் ஏறத்தாழ பிள்ளை கிடைக்கிறது. வயது கூடக் கூட அது குறையும். காணியை ஈடு வைக்க முதல் இதை யாராவது எங்களோடு இருந்து கதைத்திருக்க வேண்டும். செய்யாதே என்று சொல்லச் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு போயிருந்தால் அந்தப் பஸ்ஸில் நான் அப்படி உடைந்திருக்க மாட்டேன்.

இன்னும் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டியவையும் உண்டு. ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் தங்கவில்லை என்றால் காட்டவேண்டும், பெண்ணுக்கு முப்பத்தைந்து தாண்டினால் ஆறு மாதத்திலேயே காட்டவேண்டும் என்பது எங்கள் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? முதல் இரண்டு வருடமும் நான் புதூர் நாகதம்பிரானுக்கும் வற்றாப்பளை அம்மனுக்கும் நேர்த்தி வைத்துக்கொண்டிருந்தேன். அதைப் பிழை என்று சொல்லமாட்டேன். வாய்விட்டு அழ எனக்குக் கிடைத்த இடம் அது. ஆனால் கோயிலுக்குப் போகச் சொன்னவர்களில் ஒருவர்கூடக் கிளினிக்குக்கும் போ என்று சொல்லவில்லை.

ஆண்களையும் கூப்பிடுங்கள். பிள்ளை தங்காத சோடிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஆண் பக்கத்திலும் காரணம் இருக்கும். அந்தச் சோதனை சின்னது, செலவும் குறைவு. ஆனாலும் எங்கள் ஊரில் ஆண் அந்தச் சோதனைக்குப் போவதற்குள் பெண்ணை நாலு இடத்தில் குத்தி எடுத்துவிடுவார்கள். என் இவரின் இடுப்பில் போரில் பாய்ந்த ஒரு செல்துண்டு இன்னும் இருக்கிறது. அதனால்தான் எல்லாம் என்று ஐந்து வருடம் மனதுக்குள் வைத்துப் புழுங்கியிருக்கிறார், எனக்கே தெரியாது. சோதித்தபோது ஒரு குறையும் இல்லை. அன்று ஆஸ்பத்திரி மதிலோடு சாய்ந்து நின்று அழுதார். அவரிடம் வந்து 'தம்பி, நீர் எப்படி இருக்கிறீர்?' என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

பெண்ணிடம் சொல்லவேண்டிய முதல் சொல்லும் ஒன்று இருக்கிறது. 'நீ செய்ததால் போகவில்லை.' தெரிந்த கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை இப்படித்தான் கலைகின்றன. முதல் மூன்று மாதத்தில் போவதில் பாதியளவுக்கு, கரு உண்டாகும்போதே அதன் நிறமூர்த்தங்களில் (குரோமோசோம்களில்) வந்த கோளாறுதான் காரணம். எனக்குச் சொல்லப்பட்டதோ வேறு. அன்னாசி தின்றாய், தண்ணீர்க்குடம் தூக்கினாய், குண்டும் குழியுமான ரோட்டில் மோட்டார் சைக்கிளில் போனாய் என்றார்கள். மீள்குடியேறி வந்த காலத்தில் தண்ணீர் தூக்காமல் யார் இருந்தார்கள்?

தயவுசெய்து 'இன்னொன்று பெறலாம்தானே' என்று சொல்லாதீர்கள். 'வளர்ந்து போயிருந்தால் இதைவிடக் கஷ்டம்' என்றும் வேண்டாம். நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள், ஆனால் அது வந்த பிள்ளையை வராத கணக்கில் எழுதிவிடுகிறது. 'பெயர் ஏதும் யோசிச்சிருந்தனீங்களோ?' என்று கேளுங்கள். என்னிடம் ஒருவர் கேட்டார். கொழும்பில் விடுதி கூட்டுகிற அம்மா. அன்று நான் முதன்முதலாக அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னேன்.

துயரத்தை என்ன செய்வது என்று தெரியாத ஊர் இல்லை எங்கள் ஊர். போரில் இறந்தவர்களை நினைக்கிற மே 18 அன்று என் மாமி இரண்டு விளக்கு ஏற்றுவார், 2009இல் போன இரண்டு மகன்மாருக்கு. மிஞ்சியவர் இவர் ஒருவர்தான். 'அவங்களில ஒருத்தனாவது எங்கட வீட்டில வந்து பிறப்பான்' என்று மாமி சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு எவ்வளவு பாரமாக இருந்தது என்பதை இங்கே எழுதி முடியாது. 2018இல் அந்த நாளன்று மாமி விறாந்தையில் மூன்று சிட்டி வைத்திருந்தார். இரண்டை ஏற்றிவிட்டு நெருப்புப்பெட்டியை என் கையில் தந்தார். ஒரு வார்த்தை கதைக்கவில்லை. நான் மூன்றாவதை ஏற்றினேன். அதன்பிறகு வருடா வருடம் மூன்றுதான்.

வீட்டுக்குள் கிடைத்த அந்த இடம் வெளியே இல்லை. தங்கையின் பிள்ளைக்கு முதல் பல் முளைத்துப் பல்லுக்கொழுக்கட்டை கொட்டும்போது பெரியம்மா ஒருவர் என் கையைப் பிடித்து மெல்லப் பின்னால் நிறுத்தினார். கொழுக்கட்டை அவித்தது நான். ஆராத்தித் தட்டும் அப்படித்தான், எனக்கு முன்னால் வந்து திரும்பிப் போகும். கிளினிக்கிலாவது இது நடக்கக்கூடாது. பிள்ளை இல்லை என்று காட்ட வருகிறவர்களையும், பிள்ளை போய்ப் பத்து நாளில் வருகிறவர்களையும், நிறைமாத வயிறுகளோடு ஒரே வாங்கில் இருத்தாதீர்கள். வேறு நாள் வைக்க முடியாவிட்டால் வேறு நேரம் வையுங்கள். அதுவும் முடியாவிட்டால் உள்ளே ஒரு கதிரை போதும். இதற்குக் கட்டடம் வேண்டாம்.

சிலருக்கு நீங்கள் வந்து கதைப்பது மட்டும் போதாது. லண்டனிலும் பெல்ஜியத்திலும் நடத்தி 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆரம்ப மாதங்களில் கருவை இழந்த பெண்களில் 29 சதவீதம் பேருக்கு ஒரு மாதத்தின் பின்னும் பேரதிர்ச்சியின் அறிகுறிகள் இருந்தன. ஒன்பது மாதத்தின் பின்னும் 18 சதவீதம் பேருக்கு. அங்கே குண்டு விழவில்லை, அவர்கள் போர் முடிந்தபின் எங்களை அடைத்து வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இருந்து வரவில்லை. ஏற்கெனவே ஒருமுறை எல்லாம் இழந்தவளுக்கு இது எப்படி இறங்கும் என்று யோசித்துப் பாருங்கள். நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை, கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள் என்றால் வைத்தியசாலை உளநலப் பிரிவுக்குக் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். நானும் கிணற்றடியில் அப்படி நின்றிருக்கிறேன். என்னை அங்கிருந்து கூட்டிப் போனது பக்கத்து வளவு அக்கா, ஆடு தேடி வந்தவர்.

சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கு: மிஸ்மார் மனம் வைத்தால் மட்டும் இது நடக்காது. வெற்றிடங்களை நிரப்பக் கேளுங்கள். பிள்ளை போன வீட்டுக்குப் போவதையும் அவர்களுடைய மாதக் கணக்கில் வேலையாகச் சேருங்கள். கிளினிக் காட்டை மூடுவதோடு ஒரு பெண் உங்கள் பதிவிலிருந்து மறைந்துபோக விடாதீர்கள்.

இப்போது எனக்கு முப்பத்தெட்டு. இனி மருந்து எடுப்பதில்லை என்று நாங்கள் இருவரும் முடிவெடுத்து ஒரு வருடமாகிறது. சரி, எனக்காக இதை எழுதவில்லை. போன கிழமை தெரிந்த பிள்ளை ஒருத்திக்கு ஆறாம் மாதத்தில் போய்விட்டது. எந்த ஊர் என்று பொதுவில் எழுதமாட்டேன், அவளின் மிஸ்ஸுக்குத் தெரியும். இரண்டாம் நாள் நான் சோறு கட்டிக்கொண்டு போனேன். நாளைக்குப் பால் வரக்கூடும், பயப்படாதே என்று சொல்லி, செய்யவேண்டியதெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். வெளிக்கிடும்போது படலை வரை வந்தாள். கிளினிக் காட்டைத் திருப்பிக் கொடுக்கவேண்டுமா, வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். பிறகு, 'மிஸ் இனியும் வருவாவோ அக்கா?' என்றாள்.

வருவா என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.