மீன் தண்ணீரிலேயே இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் பயண இணைப்பில், தீவுகளுக்குப் போய்த் தூண்டில் போடுவது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. அதோடு வந்த பெரிய படம்தான் என்னை உறுத்தியது. ஒருவர் முழங்கால் தண்ணீரில் நின்று, மீனை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறார். கீழே, 'படம் எடுத்தபின் மீன் கடலில் விடப்பட்டது' என்று ஒரு வரி. விட்ட பிறகு அந்த மீனுக்கு என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்காதவனாகத்தான் இருந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் வேம்பார். அப்பா கைத்தூண்டில்காரர். நான் பதினோரு வருடமாக செஷல்ஸில், மாஹே தீவில் படகு எஞ்சின் மெக்கானிக். போன நவம்பரில் அல்போன்ஸ் தீவுக்கு இரண்டு எஞ்சின்களைப் பார்க்க அனுப்பினார்கள். மாஹேயிலிருந்து தென்மேற்கே சுமார் 400 கிலோமீட்டர். சின்ன விமானத்தில் ஒரு மணி நேரம். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது, திரும்பும் விமானத்துக்கு மூன்று நாள் இருந்தது. ஃப்ளை தூண்டில் போட உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ அங்கே ஆட்கள் வருகிறார்கள். என் சம்பளத்துக்கு எட்டாத செலவு. ஒரு விருந்தாளி காய்ச்சலில் படுத்துவிட, அவருடைய வழிகாட்டி, பிரலின் தீவுக்காரர், முப்பது வயது இருக்கும், அந்த இடத்தில் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

ஃப்ளை என்றால் ஈ என்று நினைத்துவிட வேண்டாம். தூண்டில் முள்ளில் மயிரும் மினுக்கு நூலும் கட்டி, இறால் குஞ்சு போலச் செய்த பொய் இரை. தானாகப் பறக்கும் அளவுக்கு எடை கிடையாது. அதனால் எறிவது இரையை அல்ல, கனமான நூலை. நூல் இரையை இழுத்துக்கொண்டு போகிறது. முள்ளில் மீன் வாயைப் பிடித்துக்கொள்ளும் சின்னப் பல்லைக் குறடால் நசுக்கிவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார். கழற்றும்போது மீனுக்குக் காயம் குறைவாம்.

'கனால் தெ மோர்', அதாவது சாவு வாய்க்கால், அதைத் தாண்டினால் சென் பிரான்சுவா தீவு. அந்தப் பக்கத்துப் பவளப் பாரில் கப்பல்கள் உடைந்து கிடப்பதைப் பார்த்தால் பெயருக்குக் காரணம் புரியும். உள்ளே கணுக்காலிலிருந்து இடுப்பு வரைக்குமான தண்ணீர், அடியில் வெள்ளை மணல் தரை, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. திருக்கை முள் குத்தாமல் இருக்கக் காலைத் தூக்காமல் தேய்த்து நடக்கச் சொன்னார். அது எங்கள் ஊரிலும் சொல்லிக்கொடுப்பதுதான்.

அவர் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் கடற்கரையில் பிறந்தவன், எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அவரோ மீனைத் தேடவில்லை, மணலில் விழும் அதன் நிழலைத் தேடினார். நாங்கள் தேடிப் போனது போன்ஃபிஷ் என்ற வெள்ளி நிற மீன். அதன் செதில் கண்ணாடி மாதிரி. மணல் நிறத்தையே திருப்பிக் காட்டும். நிழல் மட்டும் பொய் சொல்லாது. ஒரு திருக்கையைக் காட்டினார். அதன் முதுகுக்கு மேலேயே ஒரு பாரை மீன் ஒட்டிக்கொண்டு போனது, திருக்கை மணலைக் கிளறும்போது ஓடும் நண்டைப் பிடிக்க. இதெல்லாம் படித்து வருவதா? ஓதம், அதாவது கடல் நீர்மட்டம், ஏறும்போது எந்தப் பள்ளத்தில் முதலில் தண்ணீர் நுழையும் என்பது வரைக்கும் அவருக்கு மனப்பாடம்.

மீன் கடித்ததும் கம்பைத் தூக்கக் கூடாது, இடது கையால் நூலைப் பின்னால் வெட்டி இழுக்க வேண்டும். புதிதாக வருபவர்கள் இதில்தான் தவறுவார்களாம். எனக்கு அது முதல் தடவையே வந்தது. அப்பா கைத்தூண்டிலில் இழுக்கச் சொன்ன அதே இழுப்பு.

முதல் மீன் இரண்டு கிலோ இருக்கும். மூன்று ஓட்டம் ஓடி, களைத்து வந்தது. தண்ணீரிலேயே வை என்றார் வழிகாட்டி. எனக்கோ வீட்டுக்குப் படம் அனுப்ப ஆசை. தூக்கிவிட்டேன். போனைப் பையிலிருந்து அவர் எடுத்தார், ஈர விரலுக்குத் திரை வேலை செய்யவில்லை, துடைத்தார், மறுபடி. அவ்வளவு நேரமும் மீன் என் கையில், வெயிலில், செவுளை விரித்து விரித்து மூடிக்கொண்டிருந்தது. விட்டபோது ஒருபக்கமாகச் சாய்ந்தது. நிமிர்ந்தது. இருபதடி போயிருக்கும், மறுபடி சாய்ந்தது. ஒரு சின்னச் சுறா எங்கிருந்து வந்ததென்றே தெரியவில்லை. தண்ணீர் ஒருமுறை கொப்பளித்தது, அவ்வளவுதான்.

அவர் திட்டவில்லை. கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னார்: தூக்கினால் நீயும் மூச்சைப் பிடித்துக்கொள், உனக்கு முட்டும்போது அதற்கும் முட்டும்.

பிறகு விசாரித்ததில், பஹாமாஸில் எலூத்ரா தீவில் ஆய்வாளர்கள் இதையே கவனித்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. விட்ட பிறகு நிலை தடுமாறும் போன்ஃபிஷ்தான் சுறாவுக்கும் சீலா மீனுக்கும் அதிகம் இரையாகிறது. காற்றில் எவ்வளவு நேரம் வைக்கிறோமோ அவ்வளவு தடுமாற்றம். பெலீஸ் 2009-லும் அமெரிக்காவின் ஃபுளோரிடா 2013-லும், பிடித்த போன்ஃபிஷ்ஷைத் திருப்பி விட வேண்டும் என்று சட்டம் போட்டன. நல்லதுதான். ஆனால் எப்படி விடுகிறோம் என்பது அந்த நேரத்தில் நம் இரண்டு கையில்தான் இருக்கிறது.

சாப்பிடப் பிடிப்பதை நான் குறை சொல்லவே மாட்டேன். அந்தக் காசில் வளர்ந்தவன் நான். விடுவதற்கென்றே ஒரு மீனைப் பிடித்தால், அது பிழைக்கும்படி விட வேண்டும் என்கிறேன். இப்போது நம் ஆட்களும் மாலத்தீவு, அந்தமான் என்று தூண்டில் போடப் போகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதெல்லாம் இதுதான்: கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். காய்ந்த கை மீன்மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும். போனை முன்பே தயாராக வையுங்கள். வழிகாட்டி 'போதும்' என்றால் போதும்.

அன்று மதியத்துக்கு மேல் இன்னொரு மீன் கிடைத்தது. தண்ணீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றினேன். உள்ளங்கையில் ஒரு கணம் நின்று, தானாக வாலை அடித்துக்கொண்டு போனது. அதற்குப் படம் கிடையாது.

உங்களிடம் ஒரே வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை போடும்போது, மீன் பாதியாவது தண்ணீரில் இருக்கிற படமாகப் பார்த்துப் போடுங்கள். பார்க்கிறவர்கள் அதைப் பார்த்துத்தான் செய்வார்கள்.

இப்படிக்கு,
வேம்பார் வாசகர்,
விக்டோரியா, செஷல்ஸ்.