பண்ணையார் எங்கே இருக்கிறார், அப்பா?

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவின் முழங்கால் வலிக்கு முதலில் வைத்தியம் பாருங்கள். கடனை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

"அங்கே சங்கம் இருக்கிறதா?" என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். சாப்பாடு சரியாக இருக்கிறதா என்று ஒரே ஒரு முறைதான் கேட்டீர்கள்.

இங்கே தோட்டத்தில், பாமாயில் எடுக்கும் செம்பனையின் குலை அறுக்கிறேன். நீளக் கழியின் நுனியில் அரிவாள். உங்கள் செங்கொடியில் இருக்கிற அதே வளைவு. அண்ணாந்து மட்டையை வெட்டித் தள்ளிவிட்டு, காம்பில் வைத்து ஒரே இழுப்பு. குலை விழும் இடத்தில் நாம் நிற்கக்கூடாது, அவ்வளவுதான் வித்தை. சிதறுகிற உதிரிப் பழங்களை என்னோடு தங்கியிருக்கும் வங்காளதேசத்துக்காரர் பொறுக்குகிறார். எவ்வளவு தேய்த்தாலும் அவர் நகத்திலிருந்து மஞ்சள் போவதில்லை.

நீங்கள் அடிக்கடி சொல்லும், இந்நாட்டில் தொழிற்சங்கத் தலைவராக இருந்த தம்பிக்கோட்டை கணபதியைப் பற்றி இங்கே விசாரித்தேன். 1948 ஜூனில் இந்த ஊர்த் தோட்டங்களில் வெள்ளைக்கார துரைகள் மூவர் கொல்லப்பட்டதும் அவசரநிலை வந்தது; கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்று 1949 மே 4ஆம் தேதி கணபதியைத் தூக்கில் போட்டார்கள். தேநீர்க் கடைப் பெரியவருக்கு அவர் பெயர் மட்டும் நினைவிருக்கிறது. 2008 தேர்தல் என்றால்தான் பெரியவர் முகம் மலர்கிறது. சோஷலிசக் கட்சியின் டாக்டர் ஜெயகுமார், வேறு கட்சியின் சின்னத்தில் நின்று, அமைச்சர் சாமிவேலுவை வீழ்த்திய தொகுதி இது. 2018இல் சொந்தச் சின்னத்தில் நின்று தோற்றுப்போனார். ஊருக்குப் பிடித்தது டாக்டரைத்தான், சித்தாந்தத்தை அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் மண்டோர், அதாவது மேஸ்திரி, இந்நாட்டுத் தமிழர்தான். "நீங்களெல்லாம் வந்ததால்தான் எங்கள் கூலி ஏறவில்லை" என்றார் ஒருநாள். அவருடைய தாத்தாவும் கப்பலில் வந்தவர்தானே என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன், ஏனென்றால் அவர் சொன்னதில் பாதி உண்மை. இந்த முதலாளியை விட்டால் எனக்குப் பெர்மிட் இல்லை. பாஸ்போர்ட்டும் ஆபீஸ் அலமாரியில் கிடக்கிறது. இப்படிப்பட்டவன் எங்கே வேலைநிறுத்தம் செய்வது? 2013இல் மாதம் 900 வெள்ளியில் (ரிங்கிட்டில்) தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம், 2025 பிப்ரவரியில் 1,700 ஆனது. அது உள்ளூர்க்காரருக்கும் எனக்கும் ஒன்றுதான். என்னை மலிவாக வாங்க முடியாது என்றால்தான் அவர் கூலி பிழைக்கும். இதை எடுத்துச் சொன்னபோது மண்டோர் மறுக்கவில்லை; வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போய்விட்டார்.

எனக்குப் புரியாதது வேறு. கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்தபோது, யாரை எதிர்க்கிறோம் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. பண்ணையாருக்கு வீடும் வாசலும் இருந்தன. இங்கே தோட்டம் கம்பெனியுடையது, கம்பெனியோ பங்குகளாகக் கிடக்கிறது. இந்நாட்டுத் தொழிலாளரின் சேமநிதியும் தோட்டக் கம்பெனிப் பங்குகளை வைத்திருக்கிறதாம். அப்படியானால் மண்டோரின் கிழட்டுக் காலத்துக்கான காசும் இந்தக் குலையில்தானே தொங்குகிறது? விலையைக் கோலாலம்பூர்ச் சந்தையில் பேசுகிறார்கள். உலகிலேயே அதிகம் பாமாயில் வாங்குகிற நாடு நம்முடையது.

நாளைக்கு நாங்கள் கூலி உயர்வு கேட்டு, அதனால் அங்கே ரேஷன் கடையின் 25 ரூபாய் பாமாயில் விலை ஏறினால், நீங்கள் கொடியோடு கடை வாசலில் நிற்பீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா? இரண்டு பக்கமும் ஒரே கொடி. நடுவில் லாபம் எங்கே தங்குகிறது என்று இரண்டு முனையிலிருந்தும் தேட வேண்டாமா?

அடுத்த முறை பாக்கெட் வாங்கும்போது, காலியான உறையைத் தூக்கிப்போடாமல், எந்த நாட்டு எண்ணெய், யார் அடைத்தது என்று எழுதியிருந்தால் படித்துச் சொல்லுங்கள். வங்காளதேசத்துக்காரரும் தெரிந்துகொள்ளக் கேட்கிறார்.

உங்கள் மகன்