கடல் கடக்கும் மின்தடம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இந்தியாவையும் இலங்கையையும் உயரழுத்த நேர்திசை மின்தடத்தால் இணைப்பதற்கு 2025 ஏப்ரலில் கொழும்பில் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானபோது, நமக்கே பற்றாத மின்சாரத்தை அயலாருக்கு ஏன் விற்க வேண்டும் என்று எங்கள் பகுதி விசைத்தறிக்காரர்கள் கேட்டது நியாயமே. ஆனால் மின்தடம் ஒருவழிப் பாதை அன்று. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் தடம் தென் மாநிலங்களின் மின்கம்பி வலையான தென்மண்டலத் தொகுப்பை நாட்டின் பிற பகுதியோடு இணைத்தது; காட்பாடியை அடுத்த திருவலத்துக்குக் கர்நூலிலிருந்து வந்திறங்கும் 765 கிலோவோல்ட் கம்பிகளும் வெளி மின்சாரத்துக்கான வாசல்தான். நேபாளம் 2024 நவம்பரில் வங்கதேசத்துக்கு 40 மெகாவாட் விற்றதும் நம் நாட்டுக் கம்பிகள் வழியாகத்தான். எனவே, ஆடிக் காற்றில் மிஞ்சும் காற்றாலை மின்சாரத்தை இலங்கைக்கு விற்பதில் தவறில்லை. எனினும் கடலடி வடத்தின் செலவில் நம் நுகர்வோர் தலையில் எவ்வளவு விழும் என்பதை, இறுதி ஒப்பந்தத்துக்கு முன்பே மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பொது விசாரணை வைத்துத் தெளிவுபடுத்த வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், குடியாத்தம்.