வராத இயந்திரமும் போன நாள்களும்

ஈசூன், சிங்கப்பூர்
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மச்சான்,

அம்மாவுக்கு முட்டி அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று நீ சொன்ன பிறகுதான் எங்களுக்கு நிம்மதி. கம்பைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடக்கிறார் என்றாயே, அதைக் கேட்டதும் உன் தங்கச்சி அழுதேவிட்டாள். இங்கே எல்லாரும் நலம். சின்னவன் தேசிய சேவைக்குப் போய் ஆறு வாரம் ஆகிறது. முகம் கறுத்து, தோள் அகன்று, வீட்டுக்கு வந்தால் சோற்றுப் பானையைக் காலி செய்கிறான்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பணம் வாங்கிக்கொண்டு பிட்காயின் இயந்திரத்தைத் தராமல் இழுக்கிற ஆள்மேல் வழக்குப் போடுவதா, இன்னும் பொறுப்பதா? இரண்டு வாரமாக எனக்கும் அதே யோசனைதான்.

போன வருஷம் தீபாவளி முடிந்த வாரத்தில் 7,600 சிங்கப்பூர் வெள்ளி கட்டினேன். பிட்காயின் என்ற இணையக் காசைச் சம்பாதித்துத் தரும் இரண்டு இயந்திரம், எட்டு வாரத்தில் கையில் கிடைக்கும் என்று பேச்சு. பொங்கலுக்குள் உன் பட்டறை மூலையில் ஓடிக்கொண்டிருக்கும் என்று நம்பித்தான் நீயும் தனி வயர் இழுத்து, காற்றுப் போக ஃபேன் மாட்டினாய். இங்கே என் வீவக அடுக்குமாடி வீட்டில் வைத்தால் இயந்திரம் ஒன்றுக்கு மூன்று கிலோவாட், ஒரு நாளைக்கு 72 யூனிட். யூனிட் சுமார் 30 காசு என்றால் இரண்டுக்கும் சேர்த்துத் தினம் 43 வெள்ளி கரண்டுக்கே போய்விடும். சத்தம் வேறு, பக்கத்து வீட்டுக்காரர் தூங்க முடியாது. அதனால்தான் ஜோகூரில் உன் பட்டறை என்று முடிவெடுத்தோம். நீ செலவழித்த பணம்தான் எனக்கு முதலில் உறுத்துகிறது.

நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பை மேலிருந்து கீழ்வரை உட்கார்ந்து படித்தேன். 'அடுத்த வாரம் கன்ஃபார்ம் பாஸ்' என்று அந்த ஆள் பதினான்கு தடவை எழுதியிருக்கிறார். ஜனவரியில் கப்பலில் இடம் கிடைக்கவில்லை. மார்ச்சில் சுங்கத்தில் நிற்கிறது. ஜூனில், கம்பெனி வேறு மாடல் அனுப்புகிறது, கொஞ்சம் கூடக் கட்டினால் சீக்கிரம் வரும் என்கிறார். அந்த இடத்தில்தான் எனக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று.

நாம் செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தபோது ஒரு வால்வு வரத் தாமதமாகி, டாக்கில் கப்பல் இரண்டு நாள் சும்மா கிடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஒப்பந்தத்தில் நாளுக்கு இவ்வளவு என்று அபராதம் எழுதியிருந்தது. வால்வு விற்றவன் மறுபேச்சு இல்லாமல் கட்டினான். என் ரசீதில் அப்படி ஒரு வரிகூடக் கிடையாது. 'டெலிவரி தேதி உத்தேசமானது' என்று அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது. பணம் கட்டிய அன்று நான் அதைப் படிக்கவில்லை.

ஆனால் இந்த இயந்திரத்துக்கு நாள்தான் உயிர். இயந்திரங்கள் ஒரு கணக்கைப் போட்டி போட்டுத் தீர்க்கும்; முதலில் தீர்ப்பவர் ஒரு பிளாக்கை, அதாவது பணப் பரிமாற்றப் பதிவுகளின் ஒரு கட்டை, சேர்த்துப் பரிசாக பிட்காயின் வாங்குவார். உலகம் முழுக்க எத்தனை பேர் ஓட்டினாலும் ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக்தான். ஓட்டுகிறவர்கள் கூடக்கூட, 2,016 பிளாக்குக்கு ஒரு தடவை, அதாவது சுமார் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, கணக்கின் கடினத்தை பிட்காயின் அமைப்பே ஏற்றிவிடும். நான் பணம் கட்டிய வாரத்தை வைத்துப் பார்த்தால் இன்றைக்குக் கடினம் மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. அதற்கு மேல், ஏப்ரல் 20 சனிக்கிழமை காலை எட்டு மணி வாக்கில் பிளாக்குக்கான பரிசு 6.25 பிட்காயினிலிருந்து 3.125 ஆகக் குறைந்தது. அன்று கோப்பிக்கடையில் தே தாரிக்கை வைத்துக்கொண்டு கைப்பேசியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜனவரியில் வந்திருந்தால் மூன்று மாதம் பழைய பரிசுக்கு ஓடியிருக்கும். இப்போது வந்தாலும் பெட்டியும் சீல்களும் அதேதான், ஆனால் நான் வாங்கிய பொருள் அது இல்லை.

இது புதுக் கதையும் இல்லை. அமெரிக்காவில் பட்டர்ஃபிளை லேப்ஸ் என்று ஒரு கம்பெனி முன்பணம் வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் இழுத்தடித்தது. வந்து சேர்ந்த இயந்திரங்களும் அதற்குள் காலாவதி ஆகியிருந்தன என்பது புகார். 2014 செப்டம்பரில் அந்நாட்டு வர்த்தக ஆணையம் நீதிமன்றத்துக்குப் போய் அதை நிறுத்தியது.

அண்ணன் மகள் சட்டம் படிக்கிறாள் அல்லவா, அவளிடம் கேட்டேன். வராத நாள்களின் லாபத்தையும் சேர்த்துக் கேட்கலாமா என்றேன். அவள் 1854ஆம் வருஷத்து வழக்கு ஒன்றைச் சொன்னாள். இங்கிலாந்தில் குளோஸ்டர் ஊரில் ஒரு மாவு மில். எஞ்சினின் தண்டு உடைந்துவிட்டது. அதே மாதிரி புதிது செய்ய உடைந்ததை கிரீனிச்சுக்கு அனுப்பினார்கள். வண்டிக்காரர்கள் தாமதம் செய்தார்கள், மில் சும்மா நின்றது. நின்ற நாள்களின் லாபத்தை மில்காரர் கேட்டார், கிடைக்கவில்லை. தண்டு வராவிட்டால் மில்லே நிற்கும் என்று வண்டிக்காரருக்குத் தெரிவித்திருக்கவில்லை என்பது காரணம். இன்றைக்கும் சிங்கப்பூர் நீதிமன்றங்கள் அந்த அளவுகோலைத்தான் வைத்திருக்கின்றன. 'சித்தப்பா, உங்கள் ஆளுக்கு இயந்திரம் எதற்கென்று நன்றாகத் தெரியும், அது உங்களுக்குச் சாதகம். ஆனால் இவ்வளவு லாபம் வந்திருக்கும் என்று நிரூபிப்பது கஷ்டம். விலையும் கடினமும் தினம் மாறுகிறதே' என்றாள். அவள் சொன்னது நியாயமாகப் பட்டது. லாபத்தைத் துரத்தப் போவதில்லை. கட்டிய பணம் திரும்ப வந்தால் போதும்.

அதற்கு வக்கீல் தேவையில்லை. சின்னத் தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கேட்கலாம். வக்கீலுக்கு அங்கே அனுமதியும் இல்லை, நாமே பேச வேண்டும். மனுவை வீட்டிலிருந்தே இணையத்தில் பதியலாம். பயனீட்டாளராகப் போனால் என் தொகைக்குக் கட்டணம் 20 வெள்ளி. இரண்டு வருஷத்துக்குள் பதிய வேண்டும் என்பதுதான் கெடு.

என்னை உண்மையில் தயங்கவைத்தது வேறு. 5 வெள்ளி 50 காசு கட்டி அந்தக் கம்பெனியின் பதிவு விவரத்தை எடுத்தேன். ஒரே இயக்குநர், மூலதனம் நூறு வெள்ளி. அவரோ, நான் வெறும் ஏஜெண்ட், பணம் சீனாவில் ஷென்ஜென் போய்விட்டது என்கிறார். ரசீதில் இருப்பது இங்கே பதிவான கம்பெனியின் பெயரும் பதிவு எண்ணும்தான், அதனால் அந்தப் பேச்சு எடுபடாது என்று நினைக்கிறேன். ஆனால் தீர்ப்பு வந்தபின் வசூலிக்க அங்கே ஏதாவது மிஞ்சியிருக்குமா? காத்திருக்கலாம் என்று நீ சொன்னதற்கு என் பதில் இதுதான்: காத்திருந்தால் இயந்திரம் வருமோ இல்லையோ, கம்பெனி இருக்காது.

அந்த ஆளைக் கோயிலில் பார்ப்போம், பிள்ளைகள் ஒரே பள்ளிக்கூடம் என்று உன் தங்கச்சிக்கு வருத்தம். எனக்கும்தான். அதனால் ஒரு வாய்ப்புக் கொடுக்கிறேன். நாளைக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போகிறது. பதினான்கு நாள், அதற்குள் பணம் முழுவதும். அது தாண்டினால் ஒப்பந்தம் முடிந்தது, இயந்திரம் வந்தாலும் வாங்க மாட்டேன் என்று தெளிவாக எழுதிவிட்டேன். கடைசி வாரத்தில் பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் வைத்தால் மனசு மாறிவிடும் என்று எனக்கே ஒரு பயம் இருந்தது. அதைத் தெரிந்துகொண்டுதான் எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

பணம் வந்தால் முதலில் உன் வயரிங் செலவு, அப்புறம்தான் எனக்கு. வேண்டாம் என்று சொல்லாதே. எலக்ட்ரீஷியன் கொடுத்த ரசீதைப் படம் எடுத்து இந்த வாரமே அனுப்பிவை. அதில் டிசம்பர் தேதி இருந்தால், எட்டு வாரம் என்ற பேச்சை நம்பித்தான் நாம் இடம் தயார் செய்தோம் என்று மனுவோடு வைத்துக் காட்டலாம்.

அம்மாவிடம் என் வணக்கம். அடுத்த மாதம் வருகிறோம்.

உன் பழைய டாக் கூட்டாளி