போகிறவர்களின் சாட்சி

அப்புத்தளை

அன்பின் நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கோத்தகிரியில் குளிர் எப்படி? இங்கே மத்தியானத்துக்கே மூட்டம் ஏறிவிடுகிறது. வீட்டில் எல்லாரும் சுகம். மகள் பண்டாரவளையில் படிப்பிக்கிறாள். தேயிலைத் தோட்டத்தில் நம்முடைய லயம், அந்த வரிசை வீடு, அப்படியேதான் நிற்கிறது, கூரைத் தகரத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். கொழுந்தெடுக்க இளசுகள் இல்லை. பாதிப் பேர் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள்.

இனி நீ எழுதிய விஷயம். விசுவாசத்தை விட்டு வெகு காலமாகிறது, உன்னிடம் சொல்லப் பயந்தேன் என்று எழுதியிருக்கிறாய். விட்டது என்னை அவ்வளவு வருத்தவில்லை மச்சான். பயந்தாயே, அதுதான் வலித்தது. ஞாயிறு பள்ளியில் ஒரே வாங்கில் உட்கார்ந்து வசனம் ஒப்பித்தவர்கள் நாம்.

காரணம் அப்பாயி என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். எனக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டாம். அந்தச் சாவு வீட்டில் நானும் நின்றேன். உன் அப்பாவும் அம்மாவும் ஞானஸ்நானம் எடுத்த பிறகும் கிழவி தன் வழியிலேயே இருந்தாள். தேயிலை ஸ்டோருப் பக்கம் போனால் அதைக் காக்கும் ரோதமுனிக்கு ஒரு கும்பிடு, மலையேறினால் மாடசாமிக்கு ஒரு கும்பிடு, மாசியில் காமன் கூத்துக்கு முதல் ஆளாக இஸ்தோப்புத் திண்ணையில் இடம் பிடிப்பாள். காலையில் பேர் கொடுக்கிற பிரட்டுக்குப் போகுமுன் அடுப்படியில் நமக்கு ரொட்டி சுட்டு வைத்தவளும் அவள்தான். தப்பு மேளச் சத்தத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, வெளியிலிருந்து வந்த பிரசங்கி அவள் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, இந்த அம்மா இப்போது எங்கே எரிந்துகொண்டிருக்கிறாள் தெரியுமா என்று கேட்டார். உன் அப்பா தலையைக் குனிந்தார். நீ தண்ணீர்ப் பீலிப் பக்கம் ஓடிவிட்டாய். அன்றைக்கே உனக்குள் அது முடிந்துவிட்டது என்று இப்போதுதான் எழுதுகிறாய்.

டார்வின் குரங்கைப் பார்த்துத்தான் கடவுளை விட்டார் என்று பிரசங்கங்களில் இன்றும் கேட்கிறேன். அவர் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியது வேறு. அவிசுவாசம் தனக்குள் மிக மெதுவாகத்தான் பரவியது என்கிறார். நம்பாதவர்களுக்கு நித்திய தண்டனை என்றால் தன் அப்பா, அண்ணன், நெருங்கிய நண்பர்கள் அநேகமாக எல்லாரும் அதில் அகப்படுவார்களே, இப்படியொரு உபதேசம் உண்மையாக இருக்கவேண்டுமென்று எவன் ஆசைப்படுவான் என்று கேட்கிறார். 1851இல் பத்து வயது மகள் ஆனியையும் பறிகொடுத்த மனிதர். அவர் இறந்தபின் 1887இல் அந்தக் குறிப்பு அச்சானபோது, பக்தியுள்ள மனைவி எம்மாவின் விருப்பப்படி அந்த வரிகளை எடுத்துவிட்டார்கள். 1958இல் பேத்தி நோரா பார்லோதான் திரும்பச் சேர்த்தார். டார்வின் தன் அப்பாவை வைத்துக் கேட்டதை நீ அப்பாயியை வைத்துக் கேட்டிருக்கிறாய்.

தன் குற்றமில்லாமல் சுவிசேஷத்தை அறியாதவர்கள் மனச்சாட்சிப்படி கடவுளைத் தேடினால் அவர்களுக்கும் மீட்பு உண்டு என்று கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இலேயே எழுதிவைத்தது. அப்பாயி செத்தது அதற்குப் பல வருடம் கழித்து. அந்தப் பேச்சு நம் லயத்து வாசலுக்கு வரவேயில்லை.

உன் கடிதத்துக்குப் பிறகு, விட்டுப் போனவர்களைத் தேடிப்பிடித்துப் பேச ஆரம்பித்திருக்கிறேன். வேதத்தில் முரண்பாடு கண்டுபிடித்துப் போனேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. தலவாக்கலைப் பக்கம் என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி. தாய்க்குச் சீனி வருத்தம். ஜெபிக்க வந்தவர்கள், சுகம் கிடைத்துவிட்டது, ஊசி போடுவது அவிசுவாசம் என்று சொல்ல, தாய் இன்சுலினை நிறுத்திவிட்டாள். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தவர்கள் பிள்ளையிடம் சொன்னது, உன் விசுவாசம் போதவில்லை என்று. அவள் இப்போது வேதப்புத்தகத்தைத் தொடுவதில்லை. எனக்குச் சொல்லும்போது அழவுமில்லை, கோபப்படவுமில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மலை சரிந்து லயங்களை மூடியது உனக்குத் தெரியும். அந்த இடம் ஆபத்து என்று முன்பே சொல்லியிருந்தும் சனங்களுக்கு வேறு வீடு கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு ஜெபக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, கர்த்தர் எங்கள் வீட்டைத் தொடவில்லை, ஸ்தோத்திரம் என்று சாட்சி சொன்னார். பின்வரிசையில் இருந்த பையனின் சொந்தக்காரர்கள் மண்ணுக்குள் போனவர்கள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறியவன்தான்.

எல்லாம் இவ்வளவு பாரமான கதைகளுமல்ல. சொற்ப நாட்சம்பளத்தில் பத்திலொரு பங்கு, தசமபாகம், கேட்டுக் கேட்டுக் களைத்தவர்கள் இருக்கிறார்கள். சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போன ஒருத்தி, ஆலயமே இல்லாத ஊரில் வருடக்கணக்காக இருந்துவிட்டு வந்து, ஒன்றும் குறைந்த மாதிரித் தெரியவில்லை சேர் என்று சாதாரணமாகச் சொன்னாள்.

நம் ஆட்கள் கிறிஸ்தவர்களானது மட்டும் எப்படி? 1854இல் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கிய பிறகு உபதேசிமார் தோட்டம் தோட்டமாக நடந்தார்கள். தர்க்கம் கேட்டா மாறினார்கள்? ஒருவர் பிள்ளைக்குப் பேரெழுதச் சொல்லிக்கொடுத்தார். ஒருவர் காய்ச்சலில் கிடந்தவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். என் தாத்தாவை மரியாதையாகக் கூப்பிட்ட முதல் வெளியாள் ஓர் உபதேசியார்தான் என்று அப்பா சொல்வார். இதைச் சாட்சியாகச் சொன்னால் சபை முழுக்க அல்லேலூயா என்கிறது. தன் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்லி ஒருவன் வெளியே போனால், மனுஷரைப் பார்க்காதே, தேவனைப் பார் என்கிறார்கள். மனுஷரைப் பார்த்துத்தானே உள்ளே வந்தோம்? வருவதற்குப் போதுமான காரணம் போவதற்கு மட்டும் ஏன் போதாது?

அதைவிடக் கொடுமை, போனவனிடம் பாவத்தைத் தேடுவது. என்ன ரகசியப் பாவம், எந்தப் பெண், எவ்வளவு குடி என்று. வேதத்தில் எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவின் சிநேகிதர்களும் அதைத்தான் செய்தார்கள். கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது அவர்கள்மேல், கேள்வி கேட்ட யோபுமேல் அல்ல. அந்த அதிகாரத்தை நம் பிரசங்கிகள் ஏன் வாசிப்பதேயில்லை என்று எனக்குப் புரியவில்லை.

நான் ஏன் இன்னும் இருக்கிறேன் என்று கேட்பாய். மனைவி பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சபைப் பெண்கள் முறைவைத்து இரவெல்லாம் விழித்தார்கள். மலையில் ஒரு நாள் பேர் போட்டு உழைத்து, களைத்துப்போய், பஸ் ஏறி வந்தவர்கள். அந்த முகங்களில் நான் கிறிஸ்துவைக் கண்டேன், இன்றும் காண்கிறேன். நீ அப்பாயியின் பெட்டிக்குப் பக்கத்தில் வேறொரு முகத்தைக் கண்டாய். உன்னைத் திருப்பிக் கூட்டிவர இதை எழுதவில்லை. ஆனால் அந்தப் பிரசங்கி சொன்னதை நானும் நம்பவில்லை என்பது உனக்குத் தெரியவேண்டும். கிழவி எரிகிற இடத்தில் என் கடவுள் இல்லை.

எங்கள் சேர்ச்சுக்கு இப்போது இளவயதுப் போதகர் ஐயர் ஒருவர் வந்திருக்கிறார், காது கொடுத்துக் கேட்கிறவர். அடுத்த மாதம் உபதேசிமாருக்கும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் கூட்டம் வைக்கிறார். உன் கடிதத்தில் அப்பாயியைப் பற்றிய பக்கத்தை, ஊரையும் பேரையும் மறைத்து, அங்கே வாசிக்க விடுவாயா? சாவு வீட்டில் பேசப் போகிறவர்கள் அவர்கள்தான். வேண்டாம் என்றால் வாசிக்கமாட்டேன். எதுவானாலும் மாதம் முடியுமுன் ஒரு வரி எழுது.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்